கடிக்கிற வீடும் ஐம்பத்தாறு ஓமும்

பல் மருத்துவரும், என் ஒரே மகளின் கணவரும், யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்கக்கூடியவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மகளின் கணுக்கால் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, மாடிப்படி ஏறுகிறாள், கடைக்குக்கூட நடந்தே போய் வருகிறாள் என்று போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி போனில் சொன்னாள். மிகவும் மகிழ்ச்சி. கணுக்கால் சரியாகி எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இங்கே நான் சௌக்கியம். இடது புறங்கையைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளும் சௌக்கியம். புறங்கை விஷயம் கீழே வருகிறது.

இந்தக் கடிதம் முழுக்க முழுக்க ஒரு தொழில்நுட்ப விஷயத்தில் உங்கள் ஆலோசனை கேட்டு எழுதப்படுவது. குடும்ப விஷயம் இதில் எதுவும் இல்லை. ஆகையால் உங்கள் அத்தைக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளச் சோம்பல். கடிதம் என்று ஒன்று வந்தால் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள், நாற்பது வருடமாக நான்தான் படித்துக்கொண்டிருந்தேன். "ஏதோ கரண்ட் சமாசாரம் அத்தை" என்று சொல்லிவிடுங்கள், எழுந்து போய்விடுவாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில் மூன்றாவது சூரியத் தகட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான், அங்கே குனிந்துகொண்டு பேச வேண்டும். அதோடு உங்கள் வீட்டில் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டுத்தான் பேசுகிறீர்கள். உங்கள் அத்தை லைனில் வருவது வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடம். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." "சரி, வச்சிடட்டா?" போன வாரம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பேசியது மொத்தம் ஏழு வார்த்தை. நான் எண்ணுவது பழக்கதோஷம், அதில் வேறு அர்த்தம் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் குப்பை கொட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். கடைகடையாக ஏறித் தராசைத் தூக்கிப் பார்த்து, தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகைச் சுரண்டி எடுத்து, கடைக்காரர் கொடுக்கும் டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கியவன். யாரையும் நம்பக் கூடாது, அளந்து பார்த்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு எலும்பு வரை ஊறிவிட்டது. ஓய்வு பெற்றதும் இந்த வீட்டைக் கட்டினேன். கடைசிக் கரண்ட் கம்பம் எங்களுக்குப் பக்கத்துச் செடிப் பண்ணைக்காரர் வாசலோடு நின்றுவிட்டது, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு இன்னும் ஒன்பது கம்பம் நட வேண்டும் என்றார்கள். ஒன்பது கம்பத்துக்காக எந்த ஆபீஸ் வாசலிலும் நான் நிற்க மாட்டேன் என்று சொல்லி, எட்டுத் தகடு, நான்கு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். முதல் நாள் சுவிட்சைப் போட்டபோது நான் பேசிய பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்களும் கைதட்டினீர்கள். "இது யாரையும் நம்பி இல்லாத வீடு. மேலே சூரியன், கீழே நாம், நடுவில் ஒருத்தன் கிடையாது." உங்கள் அத்தை கைதட்டவில்லை. அப்போது அவள் கையில் ஈரத்துணி இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வசனத்தை நான் இரண்டாவது தடவை சொன்னது, மகளின் கணுக்கால் உடைந்ததும் துணைக்கு இருக்க அவள் உங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று. பதினைந்து நாளில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. கேட்டுக்கு வெளியே கார் நிற்கிறது, பெட்டி ஏறிவிட்டது, கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் இல்லாம என்ன பண்ணுவீங்க?" அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் தகட்டைக் காட்டி, "இந்த வீடு யாரையும் நம்பி இல்ல. வெயில் அடிச்சா போதும், தானா ஓடும். நீ நிதானமா வா" என்றேன். பெருந்தன்மையாகப் பேசியதாகத்தான் என் எண்ணம். அவள் தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கேட்டை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் வழக்கமான சண்டை என்று விட்டிருப்பேன். மெதுவாகச் சாத்தியது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. இந்தப் பத்தியில் தொழில்நுட்பம் இல்லை, தாண்டிப் போய்விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் போய் மூன்றாவது வாரம், காலையில் பல் விளக்கக் குழாயைத் திருகினால் விரலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்து எறும்பைத் தேடினேன். மறுநாளும் அதே சுருக். உங்களுக்குப் போன் செய்தேன், நீங்கள் "நரம்பா இருக்கலாம் மாமா, இந்த வயசுல வரும்" என்று சொல்லி ஒரு மாத்திரை பெயர் சொன்னீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, பல்லைத் தவிர மற்றதெல்லாம் உங்களுக்கு நரம்புதான். முப்பது நாள் அந்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினேன். குழாய் மாத்திரை சாப்பிடவில்லை, ஆகையால் அது அதே மாதிரி கடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஃபிரிட்ஜ் கடித்தது. பிறகு இன்வெர்ட்டர் பெட்டி. பிறகு துணி துவைக்கும் மெஷின், இரும்பு பீரோ ஓரமாக வைத்திருக்கும் டேபிள் ஃபேன், கடைசியில் வாசல் கேட். வீட்டில் உள்ள இரும்பெல்லாம் ஒன்று சேர்ந்து எனக்கு எதிராகத் தீர்மானம் போட்ட மாதிரி இருந்தது. ரப்பர் செருப்பு, கையில் துண்டு, மரக் கரண்டி, இந்த வேஷத்தோடு ஒரு முட்டையை எடுக்க என் சொந்த ஃபிரிட்ஜைத் திருடன் மாதிரி திறந்துகொண்டிருந்தேன்.

பயந்து உட்கார்ந்திருப்பவனா நான்? அளக்க ஆரம்பித்தேன். யாரோ எப்போதோ சொன்னது, கரண்ட் இருக்கிற பொருளை உள்ளங்கையால் தொடக் கூடாது, பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் உதறிவிடலாம் என்று. தினமும் காலை ஆறரைக்கு இடது புறங்கையால் வரிசையாக எல்லாவற்றையும் தொட்டு நோட்டில் குறித்தேன். இதற்கு அளவு எதுவும் யாரும் வைக்காததால் நானே வைத்தேன். முதல் நிலை, எறும்பு ஊர்கிற மாதிரி. இரண்டாம் நிலை, எறும்பு கடிக்கிற மாதிரி. மூன்றாம் நிலை, கையை உதறவைப்பது. நான்காம் நிலை, வாய் தானாக உங்கள் அத்தையைக் கூப்பிட்டுவிடுவது. நான்காம் நிலை இந்த ஐந்து மாதத்தில் ஆறு தடவை வந்திருக்கிறது. "இந்தா, இங்க வாயேன்!" என்று முழுசாகக் கத்தி முடித்து, அடுக்களைப் பக்கம் திரும்பி, அவள் வருகிற செருப்புச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்ற பிறகுதான் ஆள் ஊரில் இல்லை என்பது உறைக்கும். ஆறு தடவையும் அதே மாதிரிதான். கை வலி ஐந்து நிமிடத்தில் போய்விடும், மற்றது மத்தியானம் வரை இருக்கும்.

தபால்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர். முன்பெல்லாம் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, உங்கள் அத்தை கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, யார் வீட்டில் யாருக்கு என்ன வந்தது என்பதைப் பெயர் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் வியர்த்த கையோடு கேட்டைப் பிடித்தவர் சைக்கிளோடு கீழே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப் போய் கை கொடுத்தால், என்னையும் தொட மாட்டேன் என்றுவிட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீடு கடிக்குது." அன்று முதல் சாலையிலேயே நின்று மணி அடித்துவிட்டு, வேலிக்கு மேலே கடிதத்தை வீசுகிறார். பாதி செடிக்குள் விழுகிறது. நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையை மூன்று நாள் கழித்து ஒரு நத்தையிடமிருந்து மீட்டேன். செடிப் பண்ணைக்காரரும் வருவதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் என்னிடம் வாரத்தில் யாராவது நேருக்கு நேர் முகம் கொடுத்துப் பேசினார்கள் என்றால் அது கடையில் ரொட்டி வாங்கும்போது "பை வேணுமா?" என்று கேட்கிற பெண் மட்டும்தான். எனக்குப் பை வேண்டாம், ஆனால் இப்போதெல்லாம் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.

தகடு விற்ற கம்பெனிக்கு மாடியில் குனிந்துகொண்டு போன் செய்தேன். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். மூன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, காத்திருங்கள் என்று ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொன்னது, அப்புறம் புல்லாங்குழல். நாற்பத்தொரு நிமிடம். நடுவில் பதினொரு தடவை அந்தக் குரல் வந்து நான் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனது. முதுகு பிடித்துக்கொண்டது, வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. உள்ளதைச் சொல்வதானால், மறுநாளும் அதே நேரத்துக்கு அதே நம்பருக்குப் போட்டேன், மறுநாளைக்கு மறுநாளும் போட்டேன். நான்காம் நாள் நிஜமாகவே ஒருவர் எடுத்துவிட்டார், எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "எர்த் பாருங்க சார். எர்த் குழி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அங்கேதான் சிக்கல். கம்பியை மண்ணுக்குள் இறக்கி, உப்பும் கரியும் போட்டு, மேலே சின்னப் பலகைக்கல் மூடி வைக்கிற அந்தக் குழி வீட்டுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று குறித்து வைத்த வரைபடத்தை மாடியில் வைத்து மறந்து, காற்று கொண்டு போய்விட்டது. அளவு ஆய்வாளர் வீட்டில் அளவே இல்லை. சரியென்று கடப்பாரையை எடுத்தேன். சுவரிலிருந்து மூன்று அடியில் ஒரு குழி, ஆறு அடியில் ஒரு குழி, இப்படி ஐந்து குழி வெட்டினேன், கம்பி கிடைக்கவில்லை. ஐந்தாவது குழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் செடிப் பண்ணைக்காரர் தலை தெரிந்தது. எத்தனை நாள் கழித்து ஒரு தலை! "என்ன சார், கன்னு வைக்கப் போறீங்களா?" என்றார். கம்பியைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "ஆமா" என்றேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து கொய்யாக் கன்று கொண்டுவந்து, தானே மண் தள்ளி, மிதித்து, "இது காய்க்க மூணு வருஷம் ஆகும், கூட இருந்து பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது எனக்குக் கொய்யாத் தோப்பு இருக்கிறது, எர்த் இல்லை.

கடைசியில் அவர்தான் டவுனில் ஒரு எலக்ட்ரீஷியனைச் சொன்னார். காதில் எப்போதும் டெஸ்டரைச் செருகி வைத்திருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார், பேசினால் கேள்விதான். பதினெட்டு நாள் கழித்து மொபெட்டில் வந்தார். என் நோட்டைக் காட்டினேன். நான்கு நிலைகளையும் படித்துவிட்டு என் புறங்கையைப் பார்த்தார். "செத்துப்போறதுக்கு டைம்டேபிள் போட்டு வச்சிருக்கீங்களா சார்?" என்றார். பிறகு இன்வெர்ட்டரிலிருந்து போகிற பச்சைக் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார், சுவரோரமாகப் போனார், உங்கள் அத்தையின் துவைக்கிற கல்லுக்கு முன்னால் போய் நின்றார். நான் சுற்றிச் சுற்றி ஐந்து குழி வெட்டிய இடத்துக்கு நட்டநடுவில் அந்தக் கல். அதன் காலடியில் புதைந்து கிடந்தது என் பலகைக்கல்.

"சார், இந்த வீட்டுல துணி எங்க துவைப்பீங்க?" என்று கேட்டார்.

"மெஷின்ல."

"முன்னாடி?"

"முன்னாடி என் வீட்டுக்காரம்மா இதுல துவைப்பா. மெஷின் வாங்கிக் கொடுத்தும் இதுலதான் துவைப்பா, சொன்னா கேக்க மாட்டா."

"அவங்க ஊர்ல இல்லையா?"

"மக வீட்டுக்குப் போயிருக்கா."

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு மாசம்," என்றேன். "அஞ்சு மாசம் நாலு நாள்."

டெஸ்டர் குந்தி உட்கார்ந்து கல்லோரத்து மண்ணை ஒரு பிடி அள்ளினார். விரல் நடுவில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "இதான் சார்" என்றார். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, குழியைத் திறந்து, கம்பியில் ஒரு மீட்டரை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். மின்தடை அறுபத்திமூன்று ஓம். "எர்த் எவ்வளவு கம்மியா காட்டுதோ அவ்வளவு நல்லது. இது எர்த்தே இல்ல, சும்மா குத்தி வச்ச குச்சி." என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு வாளி ஊற்றினேன், மண் சத்தம் போட்டுக் குடித்தது. நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சுற்றினார். ஏழு ஓம். மீட்டரைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டரை மறுபடி போட்டார். போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜ், ஒன்றும் இல்லை. கேட், ஒன்றும் இல்லை. எல்லாம் பரம சாதுவாக நின்றன.

"அம்மா துவைச்ச தண்ணி தினமும் இதுலதான் இறங்கியிருக்கு. அவங்க போனாங்க, மண்ணு காஞ்சுது, மழையும் இல்ல" என்றார் டெஸ்டர். நான் விடவில்லை. கரண்டை யார் கசியவிட்டது, எந்த மெஷின் மேல் குற்றம், அதைச் சொல்லுங்கள் என்று என் பழைய உத்தியோகக் குரலில் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எந்த மெஷினா இருந்தாலும் கொஞ்சம் கசியும் சார். அது குத்தம் இல்ல. மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னா யாருக்கும் தெரியாது. போக வழி இல்லன்னா, யாரு பக்கத்துல வந்து தொடுறாங்களோ அவங்க மேலதான் பாயும்." அவர் மின்சாரத்தைத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னவோ எனக்கு முகம் சுட்டது. முப்பத்திரண்டு வருடம் எத்தனையோ சாயங்காலம் கடைக்காரர்கள் மேல் இருந்த எரிச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன், அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் சோப்பு போட்டுக்கொண்டிருப்பாள்.

அவர் போன பிறகு என் பழைய நோட்டை எடுத்தேன். வீட்டுத் தண்ணீர்ச் செலவை வரிவரியாக எழுதி வைத்த நோட்டு. அதில் என் கையெழுத்தில், சிவப்பு மையில், "பின்பக்கத் துவைப்பு, தினம் எட்டு வாளி, வீண்" என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு இல்லை, நானூற்றுச் சொச்சம் நாளைக்கு. வீண், வீண், வீண் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதை அவளிடம் படித்தும் காட்டியிருக்கிறேன், கண்ணாடி தேடச் சோம்பலாயிற்றே. அறுபத்திமூன்றில் ஏழு போனால் ஐம்பத்தாறு. அந்த ஐம்பத்தாறு ஓமும் உங்கள் அத்தை. மீட்டர் வைத்து அளந்த எண், நான் மறுத்துப் பேச முடியாது. யாரையும் நம்பி இல்லாத வீடு என்று நான் மேடை போட்டுப் பேசிய அன்றைக்குக்கூட, ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தவள்மேல்தான் இந்த வீடு நின்றுகொண்டிருந்திருக்கிறது. இந்தப் பத்தியையும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்போது தினமும் நானே கல்லில் துவைக்கிறேன். சும்மா வாளியில் மொண்டு ஊற்றினாலும் போதும் என்றுதான் டெஸ்டர் சொன்னார், ஆனால் சும்மா தண்ணீரைத் தரையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. ஒற்றை ஆளின் துணி எவ்வளவு இருக்கும்? ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஒரு துண்டு, இரண்டு வாளியில் முடிந்துவிடுகிறது. மீதி ஆறு வாளிக்குத் துணி வேண்டுமே. அலமாரியில் மடித்து வைத்த சுத்தமான துணியை எடுத்துத் துவைத்தேன். அது தீர்ந்ததும் திரைச்சீலை. அது தீர்ந்ததும் உங்கள் அத்தை விட்டுப் போன நீலப் போர்வை, அது ஒன்றே மூன்று வாளி குடிக்கிறது. பதினொரு தடவை துவைத்துவிட்டேன். வீடு கடிக்கவில்லை. கேட் கடிக்காது என்று சாலைக்கே போய்த் தபால்காரரிடம் சொன்னேன். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டு வேலிக்கு மேலேயே வீசினார். ஒரு தடவை கடி வாங்கியவருக்கு நம்பிக்கை வர நாள் ஆகும்போல.

ஆகவே கேள்வி இதுதான் மாப்பிள்ளை. டெஸ்டர் ஒரு புதுவகைக் கம்பி சொல்கிறார். உள்ளே மருந்து அடைத்த குழாய். தண்ணீர் வேண்டாம், உப்பு வேண்டாம், ஒரு தடவை இறக்கிவிட்டால் பதினைந்து வருடத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். நீங்களும் வேரைச் சுத்தம் செய்து மருந்து அடைத்து மூடுகிறவர், அதனால் இதில் உங்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். எனக்கு இது சரியென்றே படுகிறது. நாளைக்கே வரச் சொல்லிவிட்டேன். அதைப் போட்டுவிட்டால் வீடு மறுபடியும் யாரையும் நம்பி இருக்காது, உங்கள் அத்தையும் அங்கே எந்த அவசரமும் இல்லாமல், எத்தனை மாதம் வேண்டுமோ அத்தனை மாதம் பேத்தியோடு இருக்கலாம். இங்கே அவள் வந்துதான் ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை. நான் பழகிவிட்டேன். இதைத் தெளிவுபடுத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.

மகளை ஈரத் தரையில் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். பேத்தியைப் படுக்கப் போகுமுன் பல் விளக்கச் சொல்லுங்கள், இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் வலி குறைந்து எழுந்து போக வேண்டும், உங்கள் கை நடுங்காமல் நூறு வயது வரை இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்லவும். தொழில்நுட்பக் கடிதத்தில் அவ்வளவு இருந்தால் தப்பில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், இப்போது கிழித்துவிட்டு எழுதுகிறேன். டெஸ்டர் காலையில் வந்துவிட்டார். மொபெட்டில் குறுக்கே அந்தப் புதுக்கம்பி. பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "சார், இதை இறக்கணும்னா துவைக்கிற கல்லைப் பேத்து எடுத்துடணும். நீங்க ஒரு பக்கம் பிடிங்க" என்றார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். பிடித்தவன் விட்டுவிட்டேன். "கல்லு இங்கயே இருக்கட்டும்" என்றேன். "அப்ப கம்பி?" "வேண்டாம்." "தினமும் தண்ணி ஊத்தணுமே சார், யாரு ஊத்துவா?" "நான்தான்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கம்பியை மறுபடி மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகையால் மேலே கம்பியைப் பற்றி எழுதியது ரத்து. பழகிவிட்டேன் என்று எழுதியது பொய் எடை. கணுக்கால் சரியாகி எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன், கேட்கிறேன். உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேனோ அத்தனையும் ரத்து. முதலிலிருந்து படியுங்கள். இந்நேரம் அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள், கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். வீடு யாரையும் நம்பி இல்லை என்று அன்றைக்குச் சொன்னது தப்பு அளவு, அளந்து பார்க்காமல் சொன்னது. சிவப்பு மையில் எழுதிய வீண் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன், நோட்டு இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

நீலப் போர்வை வெளுத்து வெள்ளையாகிவிட்டது. அதற்கு அவள் திட்டட்டும். எர்த்துக்காக வரச் சொல்கிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். துணியெல்லாம் நானே துவைக்கிறேன், எட்டு வாளியும் நானே ஊற்றுகிறேன். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணி வீணாகுதுன்னு என்னைச் சொன்னால் போதும்.